ஊரைவிட்டு விலக்கும் சட்டம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பலர் அன்றாடக் கூலிகள். அந்த மாத இறுதியிலேயே சட்டமன்றம் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. தண்டனை பெற்றும் திரும்பத் திரும்பச் சாராயம் விற்பவரை அந்தப் பகுதியிலிருந்தே வெளியேற்றக் கோரி அதிகாரி நீதிமன்றத்தை நாடலாம் என்றது அத்திருத்தம்.

ஆளை ஊரோடு சேர்த்துக் கட்டுப்படுத்தும் வழக்கம் இங்கே பழையது. 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் முழுச் சமூகங்களையும் பிறப்பாலேயே குற்றவாளியாக்கியது. அது 1947-இல் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளுக்கான தனிச் சட்டம் வந்தது.

கள்ளக்குறிச்சிப் பகுதியில் சாராயம் காய்ச்சப்படும் கல்வராயன் மலையோ, அதற்குப் பிறகும் 1976 வரை ஜாகிர்தார்கள் எனும் நிலக்கிழார்களின் பிடியில் இருந்தது. அங்கே வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட சாராய ஊறல் பேரல்களைப் போலீஸ் ஓடையோரம் கவிழ்த்துவிட்டுப் போகும்; சில நாளில் வேறொரு ஓடையில் அடுப்பு மூளும். மலையில் காய்ச்சுபவருக்கு வேறு பிழைப்பு இல்லாதபோது, அவரை விலக்கினால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார். 1911-இன் கொடுமை திரும்பாதிருக்க, நீதிமன்றம் சாட்சியத்தைப் பார்க்க வேண்டும், சாதியை அல்ல.

விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலைமக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி பற்றிய கேள்விகள் அரசிடம் எழுப்பப்பட்டன.