ஆப்ஜெக்டிவ்-சி

ஆப்ஜெக்டிவ்-சி என்பது ஸ்மால்டாக் மொழியின் பொருள்நோக்கு அம்சங்களைச் சி மொழியின் மேல் ஏற்றி உருவாக்கப்பட்ட நிரல்மொழி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிராட் காக்ஸ், டாம் லவ் இருவரும் இதற்கு அடித்தளமிட்டனர்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோர் வளர்த்த ஸ்மால்டாக்கில் எண்கூட ஒரு பொருள்தான். நிபந்தனையும் சுழற்சியும்கூடப் பொருள்களுக்கு அனுப்பும் செய்திகளாகவே அமைந்தவை. ஆனால் அது தனக்கென்று ஒரு மெய்நிகர் இயந்திரத்தைக் கேட்டது. அன்றைய சாதாரணக் கணினிகளில் மெதுவாக ஓடியது. சி மொழியோ வேகமானது, எங்கும் பரவியிருந்தது. ஏற்கெனவே எழுதிக் குவித்த சி நிரல்களைத் தூக்கியெறிய யாரும் ஆயத்தமாக இல்லை.

காக்ஸ் சி மொழியில் எதையும் மாற்றவில்லை. சதுர அடைப்புக்குறிக்குள் பொருளையும் அதற்கான செய்தியையும் எழுதும் ஸ்மால்டாக் பாணித் தொடரை அதன்மேல் சேர்த்தார். முன்செயலி ஒன்று அத்தொடர்களைச் சாதாரணச் சி நிரலாகப் பெயர்த்துத் தந்தது; அதை வழக்கமான தொகுப்பியே ஏற்றுக்கொண்டது. எந்தச் செய்திக்கு எந்தச் செயற்கூறு ஓட வேண்டும் என்பது நிரல் ஓடும்போதுதான் முடிவாகும். ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பைச் சுட்டும் ஒரு சுட்டியை வைத்திருக்கும். இயக்கநேர நூலகம் அந்த வகுப்பின் அட்டவணையில் செய்தியின் பெயரைத் தேடும். அங்கே இல்லையென்றால் தாய் வகுப்புக்கு ஏறிப் பார்க்கும். கண்டுபிடித்ததை நினைவில் இருத்திக்கொள்வதால் அடுத்த முறை தேடல் விரைவாக முடியும். இந்த மெல்லிய நூலகம்தான் மொழியின் உயிர். அதே காலத்தில் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் சிமுலா என்ற மொழியின் வகுப்புகளைச் சி மொழிக்குக் கொண்டுவந்து சி பிளஸ் பிளஸைப் படைத்தார். அதில் பெரும்பாலான முடிவுகளைத் தொகுப்பியே முன்கூட்டி எடுத்துவிடும்.

இந்தக் கலப்புக்கு விலையும் உண்டு. எண்கள் வெறும் சி எண்களாகவே நின்றதால், பொருள்களை மட்டும் ஏற்கும் பட்டியலில் அவற்றைப் போட உறையிட வேண்டியிருந்தது. ஸ்மால்டாக்கில் தானாக நடந்த நினைவக மேலாண்மை இங்கே நெடுங்காலம் நிரலரின் தலையில் விழுந்தது. 2011இல்தான் தொகுப்பியே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் முறை வந்தது. ஸ்மால்டாக்கில் வெற்றுப் பொருளுக்குப் புரியாத செய்தியை அனுப்பினால் பிழை எழும். ஆப்ஜெக்டிவ்-சியில் சத்தமில்லாமல் சுழியம் திரும்பும். எழுதுபவருக்கு வசதிதான், ஆனால் பிழைகள் பிறந்த இடத்தில் தெரியாமல் வெகுதூரம் தள்ளி வெளிப்படுவதற்கு இதுவே வழிவிட்டது.

வன்பொருள் பொறியாளர் ஒருங்கிணைந்த சுற்றுகளை வாங்கிப் பொருத்துவதுபோல மென்பொருள் பாகங்களும் கைமாற வேண்டும் என்பது காக்ஸின் கனவு. 1986இல் வெளிவந்த தம் நூலில் அவர் அதை விரித்துரைத்தார். அவருடைய ஸ்டெப்ஸ்டோன் நிறுவனத்திடம் 1988இல் உரிமம் பெற்ற ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம், குனு தொகுப்பியில் இம்மொழிக்கு இடமளித்தது. அந்தப் பகுதியின் மூலநிரலை மூடிவைக்க நெக்ஸ்ட் முதலில் முயன்றது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை எதிர்த்ததால் பொது உரிமத்தில் வெளியிட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதிய முதல் இணைய உலாவி நெக்ஸ்ட் கணினியில், ஆப்ஜெக்டிவ்-சியில் உருவானதே. மொழியில் பின்னர் சேர்ந்த புரோட்டோகால் என்ற அமைப்பு ஜாவாவின் இன்டர்ஃபேஸுக்கு முன்மாதிரியாயிற்று.

1997இல் நெக்ஸ்ட் ஆப்பிளின் கைக்கு வந்தபின், மேக் ஓஎஸ் எக்ஸ், ஐபோன் ஆகியவற்றின் செயலிகளுக்கான நூலகங்கள் பெரும்பாலும் இம்மொழியில் எழுந்தன. இவற்றின் வகுப்புப் பெயர்களில் காணப்படும் என்எஸ் என்ற முன்னொட்டு, நெக்ஸ்ட்டின் இயக்குதளமான நெக்ஸ்ட்ஸ்டெப் காலத்து மிச்சம். 2014இல் ஆப்பிள் ஸ்விஃப்ட் மொழியை அறிமுகப்படுத்தியது. பழைய நூலகங்களோடு பேசுவதற்காக, ஆப்பிள் கருவிகளில் ஸ்விஃப்ட்டும் ஆப்ஜெக்டிவ்-சியின் அதே இயக்கநேர நூலகத்தைப் பயன்படுத்துகிறது.