தரையைத் தொட்ட கார்

கார் டிக்கியில் என்ன இருக்கும்? ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு பழைய துணி. நாலைந்து மணல் மூட்டை இருந்தால்? 'ஐயா எங்கேயோ வீடு கட்டுகிறார்' என்றுதானே நினைப்பீர்கள்!

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில் மெக்ஸிகோ வம்சாவளி இளைஞர்கள் இப்படித்தான் மூட்டையும் காருமாகத் திரிந்தார்கள். வீடு கட்ட அல்ல, காரின் பின்பக்கத்தைத் தரையோடு தரையாக இறக்க! வெள்ளைக்காரப் பையன்களுக்கு வேகத்தில் மோகம். இவர்களோ விட்டியர் புலிவார்டில் தாழ்வாக, மெதுவாக ஊர்வலம் போனார்கள். இருந்தது பழைய கார்தான். ஆனாலும் 'எங்களையும் கொஞ்சம் பாருங்கள்' என்று ஊருக்குச் சொல்லியாக வேண்டும். பறந்து போனால் யார் பார்ப்பார்கள்?

மூட்டை சுமந்து அலுத்தவர்கள் ஸ்பிரிங்கையே வெட்டினார்கள். வந்தது வினை. ஒரு சுற்றை வெட்டினால் மிச்ச ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும். ஷாக் அப்சர்பர் மேலும் கீழும் போய்வர இடம் குறையும். சின்னப் பள்ளம் வந்தாலே பின் ஆக்ஸில் எகிறி, மேலே உள்ள ரப்பர் கட்டையில் 'டொம்'! புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்மானம் மாறி, ஜாயின்ட்டுகள் சீக்கிரமே தேயும்.

இது போதாதென்று 1958-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாகக் காரின் எந்தப் பாகமும் இருக்கக் கூடாதாம்! போலீஸுக்குக் கேட்கவா வேண்டும்? பிடி, எழுது, அபராதம்!

விட்டார்களா பையன்கள்? அடுத்த வருஷமே ரான் அகிரே என்ற இளைஞர், விமானங்களில் இருந்து கழித்துப் போட்ட ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட் காரில் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் எழுந்து நிற்கும். போலீஸ் போனதும் மறுபடி தட்டினால் உட்கார்ந்துவிடும்!

பிறகு எல்லோருக்கும் செல்லமானது ஷெவர்லே இம்பாலா. ஆனால் 1964 மாடலில் பின் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குத் தண்டு உண்டு. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். கார் ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் அது ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். டயர் போய் பாடியில் உரசும். தண்டையே கழற்றிவிட்டு, 'ஒய்' வடிவத்தில் இரும்பை வெல்டு செய்து சமாளித்தார்கள். பம்புகளை ஓட்ட டிக்கியில் வரிசையாக பேட்டரிகள் வேறு. மணல் மூட்டை போய் பேட்டரி வந்தது. பாரம் என்னவோ அதே பின் ஆக்ஸிலுக்குத்தான்!

ஜிப்ஸி ரோஸ் என்ற 1964 இம்பாலா, உடம்பெல்லாம் ரோஜாப்பூ வரைந்த கார். 2017-ல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பிடித்தது. ஒரு காலத்தில் விரட்டப்பட்ட ஜாதிக்கு அரியாசனம்! சட்டம் இறங்கி வரத்தான் நாளாயிற்று. 2023-ல் அதை நீக்கும் மசோதா கையெழுத்தானது. 2024 ஜனவரி 1 முதல் பழைய தடை இல்லை.

இனி கலிஃபோர்னியாவில் தாழ்ந்து போக போலீஸுக்கு பயப்பட வேண்டாம். பின் ஆக்ஸிலுக்கு மட்டும் பயந்தே ஆக வேண்டும். அது எழுதும் அபராதச் சீட்டை எந்தச் சட்டசபையாலும் ரத்து செய்ய முடியாது!