வீடு, வட்டி, வாக்கு: காயல்பட்டினத்திலிருந்து சில குறிப்புகள்

காயல்பட்டினத்தில் வீடு என்பது பெண்ணின் சொத்து. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு, அல்லது வீட்டில் ஒரு பங்கு தந்தாக வேண்டும் என்பது ஊர் வழக்கம். கொழும்புக்கு வியாபாரம் போன ஆண்களின் சம்பாத்தியம் சுவராக எழும்பியது இப்படித்தான். இதைத் 'தாய்வழிச் சமூகத்தின் எச்சம்' என்று மானிடவியல்காரர்கள் கொண்டாடக்கூடும். அவ்வளவு அவசரம் வேண்டாம். நாலு பெண் பெற்ற ஏழைத் தகப்பனுக்கு இந்த உரிமைதான் தலைமேல் பாரம்.

அவனுக்கு அரசு என்ன வைத்திருக்கிறது? ஏழையின் வீடு கடனாக உருமாறிய வரலாற்றைச் சென்னையிலிருந்து தொடங்க வேண்டும். 1970-ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, வீடு அரசு கட்டித் தருகிற ஒன்றாக இருந்தது. 1977-ல் உலக வங்கிப் பணத்தோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வந்தது. அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் மனை, கக்கூஸ், குழாய் என்று கொடுத்துவிட்டு, போட்ட பணத்தைத் தவணையில் வசூலிப்பது என்றானது. 'பயனாளி' கடனாளியானான்.

2015-ல் வந்த பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டம் இதன் உச்சம். நகரத்துக் குறைந்த வருமானக்காரர் வாங்கும் கடனில் 6 லட்சம் வரை, வட்டியில் 6.5 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது (2022 மார்ச்சோடு அது முடிந்தது). வீடு பெண் பெயரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும் என்றது விதி. காயலுக்கு அது புதிதா என்ன? இடித்தது வட்டிதான். வட்டி கொடுப்பதும் ஹராம் என்று நம்புகிறவருக்கு, மானியமே வட்டிக்கான மானியமாக வந்தால் அவர் எங்கே போவார்? சொந்த மனையில் கட்டுபவருக்குத் தனி மானியம் உண்டே என்பார்கள். மனை வேண்டுமே! 2008-ல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிமுறையைப் பரிந்துரைத்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று சொல்லிவிட்டது.

இதில் மக்கள் எங்கே? மனுப் போட்டு ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி இந்தியாவில் இல்லை. கொஞ்சம் கிட்டே வருவது 1993-ல் அரசியல் சட்ட அந்தஸ்து பெற்ற கிராம சபை. 2016 வரை இருந்த இந்திரா ஆவாஸ் யோஜனாவில் யாருக்கு வீடு என்று அது தேர்வு செய்ய முடிந்தது. பெயர்களைத்தான், நிபந்தனைகளை அல்ல. காயல்பட்டினம் நகராட்சி, ஆகவே அதுவும் கிடையாது. 2022-ல் நகரங்களுக்கு வந்த பகுதி சபையில் தெருவிளக்குக்கு மனுக் கொடுக்கலாம். வட்டி அதன் கைக்கு எட்டாது.

வாக்குக்கு விட்டால் போதும் என்று நண்பர்கள் சிலர் பேசுகிறார்கள். கலிஃபோர்னியாவைப் பார்க்கட்டும். 1950-ல் அங்கே கையெழுத்துத் திரட்டி வாக்குக்கு வந்த 10-ஆவது முன்மொழிவு மயிரிழையில் வென்றது. அரசு ஏழைகளுக்குக் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டும் முன் அந்த ஊர் வாக்காளர்களின் சம்மதம் பெற வேண்டும் என்பது மாநில அரசியல் சட்டத்திலேயே ஏறியது. பணக்காரன் பங்களா கட்ட யார் சம்மதமும் வேண்டியதில்லை! 1971-ல் அமெரிக்க உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. 1974, 1980, 1993 என மூன்று முறை நீக்கப் பார்த்தும் நடக்கவில்லை. வீடுள்ளவர்கள் கூடி வீடற்றவர்களுக்கு எதிராக வேலி போட்டுக்கொள்ளவும் வாக்குச்சீட்டு உதவும்.

காயலிலும் இதே சிக்கல் உண்டு. அரசு வேண்டாம், வட்டியில்லாக் கடனுக்கு ஊரே ஒரு நிதி வைக்கட்டும் என்றே கொள்வோம். அதன் நிபந்தனைகளை முடிவு செய்யும் கூட்டத்தில், வீட்டுக்குச் சொந்தக்காரியான அந்தப் பெண்ணுக்கு இடம் உண்டா?