காவலுக்கு நாய் வாங்கும் முன் அதன் கதையைக் கேளுங்கள்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுத்தி கம்பெனியும் குடோனும் பெருகினதுல இருந்து, எங்க பக்கத்து கிராமங்கள்லயும் காவல் நாய் பேச்சுதான். "ராட்வீலர் வாங்கலாமா, ராஜபாளையம் வாங்கலாமா?"ன்னு இளவட்டப் பசங்க கேக்கறாங்க. விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி, அந்த நாய் எந்த வேலைக்கு வளர்ந்த இனம்னு கேக்கணும்.

ராட்வீலர் ஜெர்மனியில ராட்வைல்ங்கற ஊர் நாய். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போறதும், கறிக்கடைக்காரங்க வண்டியை இழுக்கறதும் அதோட வேலை. ரயில் வந்ததும் அந்த வேலை போச்சு, இனமே அழியற நிலைக்கு வந்துடுச்சு. 1910 வாக்கில் போலீஸ் வேலைக்கு எடுத்த பிறகுதான் மறுபடி பெருகிச்சு. நாள் முழுக்க உழைச்சு, சொல்பேச்சு கேட்டு வளர்ந்த நாய் அது.

ராஜபாளையம் நம்ம விருதுநகர் மாவட்டத்து நாய். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தது. 2005-ல் தபால் துறை அதுக்கு ஸ்டாம்பே வெளியிட்டது. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகுன்னு வளர்த்ததுல, சில குட்டிகள் பிறவியிலேயே காது கேக்காம பிறக்குது. குட்டிக்குப் பின்னாடி நின்னு கை தட்டிப் பார்த்துதான் வாங்கணும். வீட்டு ஆளுங்களோட ஒட்டிக்கும், புது ஆளை லேசில் சேர்க்காது.

2024 மார்ச்சில் பிட்புல், ராட்வீலர் உட்பட 23 இனங்களைத் தடை பண்ணச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிச்சு. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அடுத்த மாசமே சென்னை ஆயிரம் விளக்கு பூங்காவில் 5 வயசுக் குழந்தையை ரெண்டு ராட்வீலர் கடிச்சுக் குதறிச்சு.

சட்டம் வரும், போகும். முடிவு நம்ம வீட்டு வாசல்ல எடுக்கணும். அந்த நாய் இழுத்தா பிடிச்சு நிறுத்த வீட்டில் ஆள் இருக்கா? பேரப்பிள்ளைங்க, பால்காரர், நடவுக்கு வர்ற பெண்கள்னு எத்தனை பேர் வந்து போறாங்க? தினம் ரெண்டு வேளை அதை நடக்கக் கூட்டிப் போக நேரம் இருக்கா? நாள் பூரா சங்கிலியில கிடக்கற நாய்க்கு வெறிதான் ஏறும்.

ஆள் வந்தா தெரிஞ்சா போதும்னு நினைக்கறவங்களுக்கு, வருஷா வருஷம் ஊசி போட்ட நாட்டு நாய் ஒண்ணு போதும். அது குரைச்சாலே தெருவே எழுந்துடும்.