மேல தொட்டியா, கீழ தொட்டியா?

போன மாசம் ஒரு சாயங்கால மீட்டிங். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அமெரிக்காவுல இருக்கற எங்க டீம் நண்பர் கேமராவைத் திருப்பி அவர் வீட்டு வாசலைக் காட்டினார். ஒரு பழைய டிராவல் டிரெய்லர் நின்னுட்டிருந்தது. காருக்குப் பின்னால கொக்கி போட்டு இழுத்துட்டுப் போவாங்களே, அந்தக் குட்டி வீடு. நம்ம ஊர் ஷூட்டிங் கேரவனுக்கு தூரத்துச் சொந்தம். 1980கள்ல செஞ்ச வண்டியாம். சல்லிசா வாங்கி சனி ஞாயிறுல ரிப்பேர் பாத்துட்டிருக்கார். எல்லாம் முடிஞ்சுது, தண்ணி லைன் மட்டும் படுத்துது. ராத்திரி எல்லாக் குழாயும் மூடித்தான் இருக்கு, ஆனா அரை மணிக்கு ஒரு தரம் பம்ப் தானா 'குர்ர்ர்'னு பத்து செகண்ட் ஓடி நிக்குது. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகக் காணோம். "நீ இன்ஜினியர்தானே, சொல்லேன்" என்றார்.

நான் எந்த லட்சணத்துல இன்ஜினியர்னு எனக்குத்தான் தெரியும். எங்க வீட்டு கிச்சன் குழாய்க்கு வாஷர் மாத்தவே ஆளைக் கூப்பிடற ஜாதி. ஆனா எனக்கு ஒரு பெரியப்பா இருக்கார். ரயில்வேல பெட்டிகளைப் பழுது பாக்கற ஃபிட்டரா இருந்து ரிடையர் ஆகி, இப்ப காரைக்கால்ல வாசல் திண்ணையில உக்காந்து பேப்பர் படிக்கிறவர். அவருக்கு போன் போட்டேன். முழுசா கேட்டுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"தொட்டி மேலயா தம்பி, கீழயா?"

இந்த ஒரு கேள்விக்குள்ள ஒரு பெரிய கதை இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஓடற வீட்டுக்குள்ள நல்ல தண்ணியை எப்படிக் கொண்டுபோறதுங்கற கதை. நமக்கு ஓடற வீடுன்னா ரயில்தானே, அதனால ரயில்லேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

முதல்ல தொட்டியே கிடையாது. கூஜாதான். எங்க ஊருக்கு ரயில் வந்தது 1898இல். பேரளத்துலேர்ந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியா காரைக்கால் வரைக்கும் 23 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. ஊர் பிரெஞ்சுக்காரன் ஊர், வண்டி ஓட்டினது வெள்ளைக்காரன் ராஜ்ஜியத்து சவுத் இந்தியன் ரயில்வே. பேரளத்துல இறங்கி, மாயவரம் போய், அங்கேர்ந்து ராத்திரி முழுக்க எழும்பூர் வரைக்கும் போகணும்னா திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா இல்லாம வீட்டை விட்டு யாரும் கிளம்ப மாட்டாங்கன்னு தாத்தா சொல்லியிருக்கார். எங்க வீட்டுப் பரண்ல இன்னும் ஒண்ணு இருக்கு, உள்பக்கம் ஈயம் பூசினது. நிரப்பித் தூக்கிப் பாத்தேன், நாலு எட்டு வைக்கறதுக்குள்ள கை விட்டுப்போச்சு.

கூஜா காலியானா ஸ்டேஷன்ல இறங்கிப் பிடிக்கணும். அங்கதான் விவகாரமே. வடக்கே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் 'இந்து தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்'னு தனித்தனிப் பானை, தனித்தனி ஆள். சுதந்திரம் வர்ற வரைக்கும் இருந்த ஏற்பாடு இது. நாங்க ரொம்ப ஒழுங்குன்னு தெற்கத்திக்காரங்க காலரைத் தூக்கிவிட முடியாது. ரயில்வே சாப்பாட்டு அறைகள்ல பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது, பெரியார் தரப்பு விடாம சண்டை போட்டு 1941இல்தான் அது எடுக்கப்பட்டது. பக்கத்து நாகூர் தர்கா கந்தூரிக்கும் திருநள்ளாறு சனீஸ்வரனுக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்து வர்ற ஜனம் எங்க பக்கத்து ஜனம். பெஞ்சு ஒண்ணு, தாகம் ஒண்ணு. ஆனா தண்ணின்னு வந்தா மட்டும் இறங்கி, யார் ஊத்தறது, யார் பாத்திரத்துலன்னு யோசிக்கணும்.

பெட்டிக்குள்ளயே தண்ணி வந்தது மேல்வகுப்புக்கு முதல்ல. இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. கீழ்வகுப்புக் கதைக்கு எல்லாரும் சொல்ற ஆதாரம், 1909இல் அகில் சந்திர சென்னு ஒரு வங்காளப் பயணி சாஹிப்கஞ்ச் ரயில் ஆபீஸுக்கு எழுதின கடிதம். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, அஹமத்பூர் ஸ்டேஷன்ல ஒதுங்கப் போன நேரத்துல கார்டு விசில் ஊதிட்டார். ஒரு கையில லோட்டா, ஒரு கையில வேட்டியோட ஓடி, பிளாட்பாரத்துல ஜனங்க முன்னாடி விழுந்து மானம் போச்சுன்னு புகார். டெல்லி ரயில் மியூசியத்துல இது பிரசித்தம். இதைப் படிச்சு சிரிக்காதவங்க கிடையாது. இந்த ஒரு கடிதத்தாலதான் கழிவறை வந்துதுன்னு சொல்றது எனக்குக் கொஞ்சம் ஓவராத்தான் படுது. நான் பாக்கறது அந்த லோட்டாவை. தண்ணியை அந்த மனுஷன் கையோட கொண்டு வந்திருக்கார், ஏன்னா வண்டியில கிடையாது.

அடுத்த சாட்சி இன்னும் பெரிய ஆள். 1917 செப்டம்பர்ல காந்தி பம்பாயிலேர்ந்து மதராஸுக்கு மூணாம் வகுப்புல வந்தார். டிக்கெட் 13 ரூபாய் 9 அணா, ரெண்டு ராத்திரிப் பயணம், 22 பேர்னு எழுதிப்போட்ட பெட்டி. அந்த அனுபவத்தை வச்சு மூணாம் வகுப்பு பத்தி ஒரு நீண்ட புகாரே எழுதினார். அதுல போகிற போக்குல ஒரு தகவல் வருது. வழி நெடுக கழிவறையைக் கழுவவே இல்லை, தண்ணித் தொட்டியில தண்ணி இல்லை. கவனிங்க, தொட்டி இருக்கு! எட்டு வருஷத்துக்கு முந்தி கீழ்வகுப்புல கழிவறையே இல்லாத வண்டியில சென் பாபு ஓடினார். இப்ப தொட்டி வந்தாச்சு, நிரப்ப ஆள் இல்லை. எங்க வேலையில இதுக்குப் பேரு 'ஃபீச்சர் ரெடி, சப்போர்ட் நில்'. :-)

சரி, பெரியப்பா சப்ஜெக்டுக்கு வருவோம். சென்னை பெரம்பூர்ல ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையை நேரு 1955 அக்டோபர் 2 அன்னிக்குத் திறந்து வச்சார். டிசைன் சுவிட்சர்லாந்துக்காரங்களோடது. நீங்களும் நானும் சின்ன வயசுல போன நீலக் கலர் பெட்டி எல்லாம் அந்த வம்சம்தான். ஒரு ஸ்லீப்பர் பெட்டியில ரெண்டு கோடியிலும் கழிவறைகளுக்கு மேல, கூரைக்கு அடியில தொட்டி. ஒவ்வொண்ணும் 455 லிட்டர், மொத்தம் நாலு. இந்த 455 என்ன கணக்குன்னு ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்சுது. கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தா, சரியா 100 பிரிட்டிஷ் காலன்! அளவை லிட்டருக்கு மாத்திட்டோம், தொட்டி காலன்லயே நின்னுபோச்சு.

ஆக மொத்தம் 1820 லிட்டர். 72 பேருக்குப் பங்கு போட்டா தலைக்கு 25 லிட்டர். ரெண்டு பக்கெட்டுக்குக் கொஞ்சம் கம்மி. முன்பதிவில்லாப் பெட்டியில 200 பேர் தொத்திட்டு வந்தா 9 லிட்டர். காந்தி பெட்டியில தண்ணி ஏன் தீர்ந்திருக்கும்னு இப்ப உங்களுக்கே புரியும்.

தொட்டி மேல இருக்கறதுல பெரிய சௌகரியம், பம்ப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். தண்ணி தானா இறங்கும். ஆனா தொட்டிக்கும் வாஷ்பேசின் குழாய்க்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர் இருந்தா அதிகம். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுதான். ரயில் குழாய்ல தண்ணி நூல் மாதிரி வர்றதுக்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, பௌதிகம்.

கூட அந்தப் புஷ் காக் வேற. அடியில நீட்டிட்டிருக்கற குச்சியை ஒரு கையால மேல அமுக்கிப் பிடிச்சு, இன்னொரு கையால மட்டும் முகம் கழுவணும். சின்ன வயசுல இதைக் கண்டுபிடிச்ச ஆளை நான் திட்டாத நாள் இல்லை. பெரியப்பா சொல்லித்தான் நியாயம் புரிஞ்சுது. திருகு குழாய் வச்சா, ராத்திரி ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல திறந்து விட்டுட்டுப் போனாப் போதும், விடியறதுக்குள்ள தொட்டி காலி. கையை எடுத்தா தானா மூடிக்கணும். யாரோ ஒரு முகம் தெரியாத ஆளுக்காக நம்ம ஒரு கை அங்க வேலை பாக்குது. அதைவிட எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தத் தொட்டிக்கு ஜாதி மதம் பிரிக்கத் தெரியாது. ஸ்டேஷன் பானைக்குத் தெரிஞ்சிருந்தது. கூரைத் தொட்டிக்கு ஒரே குழாய், யார் அமுக்கினாலும் வரும். யாரும் ஊர்வலம் போய் இதைச் சாதிக்கலை, பிளம்பிங் பாட்டுக்கு செஞ்சுட்டுது.

ரிப்பேர் பத்திக் கேட்டா பெரியப்பாவுக்குக் குரலே மாறிடும். வண்டி குலுங்கிக் குலுங்கி, முதல்ல போறது மரை போட்ட ஜாயிண்டுதான். அந்தக் காலத்துல சணலைப் பிரிச்சு மரையில சுத்தி, வெள்ளை ஈயம் தடவி இறுக்குவாங்க. அப்புறம் டெஃப்லான் டேப் வந்தது. "டேப்பு சுத்தம்தான், ஆனா சணல் தண்ணியைக் குடிச்சு உப்பி தானே அடைச்சுக்கும் தம்பி, அந்த குணம் டேப்புக்கு வராது" என்றார். வெள்ளை ஈயம் விஷம்னு நான் எடுத்துச் சொன்னதுக்கு ஒரு முறைப்புதான் பதில். போன்லயே முறைப்பார்.

இன்னொரு வழக்கமான கேஸ், தொட்டி நிறைய தண்ணி இருக்கும், குழாய்ல சொட்டு சொட்டா வந்து நின்னுடும். புது ஆளுங்க குழாயைக் கழட்டிட்டு உக்காந்திருப்பாங்களாம். இவர் நேரா மேல ஏறி காத்துக் குழாயைப் பாப்பார். உள்ள காத்து போனாத்தான் தண்ணி வெளிய வரும். அந்த ஓட்டையில குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஒரு குச்சியால குத்தி எடுத்தா வேலை முடிஞ்சுது.

அப்புறம் தொட்டி கீழ இறங்கிச்சு. 1820 லிட்டர்னா 1820 கிலோ, கிட்டத்தட்ட ரெண்டு டன். அதை மண்டையில வச்சுக்கிட்டு வளைவுல வேகமாப் போறது வண்டிக்கு நல்லதில்லை. ஏசி பெட்டிகள்ல தொட்டி முன்னாடியே கீழ போயாச்சு. ஜெர்மன் டிசைன் எல்.எச்.பி. பெட்டிகள் 2000 வாக்குல வந்தப்போ, 685 லிட்டர் தொட்டி ரெண்டு பெட்டியோட அடிவயித்துல தொங்க, பம்ப் வச்சு மேல ஏத்தற முறைதான் வழக்கம் ஆச்சு. ஐ.சி.எஃப். பழைய டிசைன் பெட்டி செய்யறதை 2018 ஜனவரியோட நிறுத்திடுச்சு. இப்ப மோட்டார் வேணும், வயரிங் வேணும். குச்சியால குத்திச் சரிபண்ற காலம் போச்சு.

அமெரிக்க டிரெய்லர் கதையும் கடைசியில இங்கதான் வந்து சேருது. 1936இல் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி விட்ட கிளிப்பர் மாடல்லயே சொந்தத் தண்ணி ஏற்பாடு உண்டு. ஆரம்ப காலத்து டிரெய்லர்கள்ல கைப்பம்ப். பிறகு தொட்டிக்குள்ள காத்தை அடைச்சு அந்த அழுத்தத்துல தண்ணியைத் தள்ளினாங்க. அப்புறம் 12 வோல்ட் பம்ப். குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறையும், பம்ப் ஓடும். மூடினா அழுத்தம் ஏறி 45 பவுண்டு வாக்குல தானா நிக்கும். நம்ம கூரைத் தொட்டியை விட இருபது மடங்குக்கு மேல! ஷவர் ஜோரா வரும், ஆனா ஜாயிண்டுக்கு எல்லாம் இருபது மடங்கு வேதனை. போதாக்குறைக்கு 1978லேர்ந்து 1995 வரைக்கும் பாலிபியூட்டிலீன்னு ஒரு சாம்பல் கலர் பிளாஸ்டிக் குழாய் அங்க வீடு, டிரெய்லர் எல்லாத்துலயும் ஓடிச்சு. தண்ணியில இருக்கற குளோரின் பட்டு நாளடைவுல நொறுங்கிப்போய் கோர்ட்டு கேசு வரைக்கும் போன சரக்கு. நண்பர் வண்டியிலயும் அதே சாம்பல் குழாய்.

அதனால நான் குழாய்தான் ஒழுகுதுன்னு சத்தியமே பண்ணேன். பெரியப்பா ஒத்துக்கலை. "ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் காஞ்ச காகிதத்தைச் சுத்திட்டு ராத்திரி விடச்சொல்லு. காலையில எது நனைஞ்சிருக்குன்னு பாக்கட்டும்." நண்பர் டிஷ்யூ பேப்பர் சுத்தினார். ஒண்ணு கூட நனையலை. "அப்ப பம்புக்கு அடுத்தாப்ல ஒரு வால்வு போட்டு மூடச்சொல்லு. அதுக்கப்புறமும் பம்ப் ஓடுதான்னு பாரு." மூடினார். அப்பவும் அரை மணிக்கு ஒரு தரம் 'குர்ர்ர்'.

"ஒழுகலை தம்பி. வந்த தண்ணி பம்ப் வழியா தொட்டிக்கே திரும்பிப் போவுது. உள்ள ஒருவழி வால்வு இருக்கும், அதுல ஏதோ மாட்டியிருக்கு, பிரிக்கச் சொல்லு."

பிரிச்சா, வால்வு ரப்பருக்கு அடியில நகம் வெட்டின துண்டு சைஸுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள். தொட்டிக்கு ஓட்டை போட்டப்ப விழுந்த சீவல். நாப்பது வருஷமா தொட்டிக்குள்ள சுத்திட்டிருந்து இப்பத்தான் வந்து மாட்டியிருக்கு. எடுத்துட்டு மாட்டினார், அன்னிக்கு ராத்திரி பம்ப் வாயைத் திறக்கலை. சாம்பல் குழாயையும் மாத்திடுங்கன்னு நான் மட்டும் சொல்லி வச்சேன், நம்ம பங்குக்கு ஏதாவது இருக்கட்டுமேன்னு.

நண்பர் ரொம்ப நெகிழ்ந்துபோய் பெரியப்பாவை வீடியோ கால்ல பாக்கணும்னார். கோத்துவிட்டேன். நான்தான் மொழிபெயர்ப்பு. நன்றி எல்லாம் முடிஞ்சப்புறம் பெரியப்பா ஒரு யோசனை சொன்னார்: பேசாம தொட்டியைக் கூரை மேல தூக்கி வச்சுடச் சொல்லு, பம்பே வேண்டாம். நண்பர் சிரிச்சுக்கிட்டே, எங்க ஊர்க் குளிருக்கு மேல வச்சா தண்ணி உறைஞ்சு தொட்டி வெடிச்சுடுமேன்னார்.

பெரியப்பா ரொம்ப நேரம் யோசிச்சார். "சரி, அப்ப கீழயே இருக்கட்டும். ஆனா அந்த காத்துக் குழாயில குளவி கட்டியிருக்கான்னு ஒரு தரம் பாத்துக்கச் சொல்லு" என்றார்.