நரம்பும் சிரையும்

நம் வழக்கில் ‘நரம்பு’ என்னும் சொல் இரு பொருள் தாங்கி நிற்கிறது. உணர்ச்சியைச் சுமந்து செல்லும் இழையும் நரம்பு. ஊசி போடுவதற்காக முன்கையில் தேடப்படும் இரத்தக் குழாயும் நரம்பு. தெலுங்கின் ‘நரமு’ம் அத்தகையதே. ஆதலால் சித்தூரிலோ திருப்பதியிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில் ஒருவர்க்கு ‘நரம்புக் கோளாறு’ என்று மருத்துவர் கூறினால், கேட்போர் உள்ளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஒரு நோயின் வரலாற்றில் மருத்துவ உலகமே இவ்விரண்டுக்கும் இடையே நெடுங்காலம் தடுமாறியது.

அந்நோய் தண்டுவட மரப்பு நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் என்னும் உறை ஆங்காங்கே சிதைந்து தழும்பாகிறது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே, ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றும். 1868-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் சார்க்கோ இதனைத் தனி நோயாக வகுத்துரைத்தார்.

அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1863-இல், ஜெர்மானிய அறிஞர் ரிண்ட்ஃபிளைஷ் ஒன்றைக் கண்டிருந்தார். சிதைந்த திட்டுக்களின் நடுவே இரத்தம் நிறைந்த சிறு குழாய் ஒன்று செம்புள்ளியாய்த் தோன்றியது. 1916-இல் எடின்பரோவில் டாசன் என்பார், அத்திட்டுக்கள் சிரைகளைச் சுற்றி விரல்போல் நீண்டிருத்தலை விளக்கினார். உடலெங்கும் சென்ற இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொணரும் குழாயே சிரை. அது அடைபடுவதே நோய்க்குக் காரணமோ என்று 1930-களில் அமெரிக்கரான புட்னம் ஐயுற்றார். நாய்களிடம் சோதனைகள் செய்தார். பின்னர் இரத்தம் உறையாதிருக்கும் மருந்தை நோயாளிகளுக்கு அளித்தும் பார்த்தார். அக்கருத்து நிலைபெறவில்லை.

மறைந்த கருத்து 2009-இல் மீண்டும் எழுந்தது. இத்தாலி நாட்டு ஃபெராரா நகரத்தின் இரத்தக்குழாய் அறுவை வல்லுநர் சாம்போனி, தம் மனைவிக்கே இந்நோய் கண்டதால் இதில் ஈடுபட்டவர். கழுத்துச் சிரையும் மார்புச் சிரையும் சுருங்குவதால் மூளையின் இரத்தம் வடியாது தேங்குகிறது என்றும், சிரைக்குள் சிறு பலூனை ஊதி விரித்தால் நலம் உண்டாகும் என்றும் அவர் கூறினார். நம்பிக்கை காட்டுத்தீபோல் பரவிற்று. கனடா முதலிய நாடுகளின் நோயாளர் போலந்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும், நம் இந்தியாவுக்கும் பொருள் செலவிட்டுப் பயணமாயினர். உயிரிழப்பும் பக்கவாதமும், சிரையில் பொருத்திய கம்பிச்சுருள் இடம்பெயர்தலும் நேர்ந்ததாக 2012-இல் அமெரிக்க அரசின் மருந்துத்துறை எச்சரித்தது.

2013-இல் கனடாவில் உண்மை துலங்கியது. சிரைச் சுருக்கம் நோயாளரில் 100-க்கு 74 பேரிடமும், அவர்தம் உடன்பிறந்தாரில் 66 பேரிடமும், தொடர்பற்ற பிறரில் 70 பேரிடமும் காணப்பட்டது. எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ள ஒன்று எங்ஙனம் நோய்க்குக் காரணமாகும்? 2017-இல் சாம்போனியே தலைமையேற்று நடத்திய ஆய்வில், பலூன் சிகிச்சை பெற்றோரும் பெறாதோரும் வேறுபடவில்லை. தம் கருத்துக்கு மாறான அம்முடிவை அவரே வெளியிட்டார். அந்நேர்மை போற்றத்தக்கது.

ஆயின் முன்னோர் கண்ட செம்புள்ளி பொய்யா? பொய்யன்று. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே சிறு சிரைகளின் சுவர் கடந்து மூளைக்குள் புகுந்து மயலினைத் தாக்குகின்றன. சிரை, பகைவன் நுழைந்த வாயில், பகைவன் அன்று. காந்த அலைப் படத்தில் திட்டின் நடுவே தோன்றும் சிரைக்கோடு இன்று நோயைத் தெளிவதற்கே உதவுகிறது. தாக்குதலைக் குறைக்கும் மருந்துகளும் உள. முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

சித்தூரிலிருந்து அணித்தே உள்ள வேலூரில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். திருப்பதியில் 1993 முதல் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. வல்லுநரை நாட நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. நிலத்தையும் நகையையும் விற்றுப் புதுச் சிகிச்சையை நாடுமுன் இரண்டு கேட்போம்: கோளாறு நரம்பிலா, சிரையிலா? அச்சிகிச்சை, பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்ட சோதனையில் தேறியதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை பெற்ற பின்னரே பொருளைச் செலவிடுவோம்.