திரைமீது விழுந்த கல்

மூன்று மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் பயிலகத்தில் படம் பார்க்கிறோம். இரவல் வாங்கிய புரொஜெக்டர், சுண்ணாம்பு அடித்த சுவர், பாயில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை படிக்கிற பிள்ளைகள். நாங்கள் பார்ப்பவை புதுப் படங்கள் அல்ல. இந்திய சினிமாவின் சாதனைகள் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் பட்டியல் போடுகின்றனவே, அந்தப் பழைய படங்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், பாடம் நடத்துகிற எங்களில் பலரும் அவற்றைப் பார்த்ததில்லை. பெயர்கள் தெரியும், தேர்வில்கூட எழுதியிருக்கிறோம். ஆனால் பார்த்ததில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. விருது பெற்ற பிறமொழிப் படங்களை ஒரு காலத்தில் தூர்தர்ஷன் ஞாயிறு மதியம் போட்டது. அப்போது எங்கள் காலனியில் டிவி இருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பஞ்சாயத்து டிவி ஊர்த்தெருவில் இருந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், உள்ளே போய் உட்கார முடியாது. வசனம் கீழே ஆங்கிலத்தில் ஓடும். திரைப்படச் சங்கங்களோ நகரத்தில் இருந்தன. நல்ல சினிமா எங்களுக்குத் தாமதமாக வந்ததற்கு எங்கள் ரசனையைக் குறை சொல்லிப் பயனில்லை.

தாமதமாக வந்தவர்கள் என்பதால் ஒரு முடிவெடுத்தோம். நம் மக்கள் பாத்திரமாக வருகிற படங்களை முதலில், வரிசையாகப் பார்ப்போம் என்று. நான்காவது ஞாயிறு, படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ஏன்க்கா, எல்லாப் படத்துலயும் நம்ம ஆளுங்களே சாகுறாங்க?"

இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல முயலும் பதில்.

பதிலை நாம் பார்க்கவே முடியாத ஒரு படத்திலிருந்து தொடங்க வேண்டும். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் திரையிடப்பட்டது. ஆண்டு 1928 என்பாரும் உண்டு, 1930 என்பாரும் உண்டு. எடுத்தவர் ஜே.சி.டேனியல். நாயகி பி.கே.ரோசி, புலையர் சமூகத்துப் பெண், காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். படத்தில் அவர் ஏற்ற வேடம் ஒரு நாயர் பெண்.

அதுதான் குற்றமாயிற்று. தான் நடித்த படத்தைப் பார்க்க ரோசிக்கு அரங்கில் இடம் தரப்படவில்லை. நாயர் பெண்ணாக ஒரு புலையப் பெண் திரையில் நிற்பதைப் பொறுக்காத கூட்டம் திரையை நோக்கிக் கல்லெறிந்தது. பிறகு அவர் குடிசையும் தாக்கப்பட்டது, எரிக்கப்பட்டது என்று சொல்கிறார்கள். ரோசி ஒரு லாரியில் தப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தார். நாகர்கோவில் பக்கம், லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். மீண்டும் நடிக்கவே இல்லை. அந்தப் படத்தின் பிரதியும் இன்று இல்லை. எவ்வளவு முயன்றாலும் நாம் பார்க்க முடியாத முதல் படம் அது.

அடுத்த சில ஆண்டுகளில், 1936இல், பாம்பே டாக்கீஸ் 'அச்சூத் கன்யா' எடுத்தது. தீண்டப்படாத பெண் என்பதே தலைப்பின் பொருள். இயக்கியவர் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஆஸ்டன். ரயில்வே கேட் காவலாளியின் மகள் கஸ்தூரியாக நடித்தவர் தேவிகா ராணி, தாகூர் குடும்பத்து உறவுக்காரர். நாயகன் பிரதாப் பார்ப்பனப் பையன், அசோக் குமார் நடித்தார். படம் பெரும் வெற்றி. இன்றுவரை எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயர்சாதிப் பெண் தீண்டப்படாதவளாக நடித்தால் அது கலை, கருணை, துணிச்சல். தீண்டப்படாத பெண் உயர்சாதிக்காரியாக நடித்தால் கல். நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதான் என்கிறோம். அந்த மாற்றம் மேலிருந்து கீழே மட்டும்தான் அனுமதிக்கப்பட்டது. சாதி என்பது படிக்கட்டு என்று பாடத்தில் படித்தோமே, அந்தப் படிக்கட்டு திரைக்கு முன்னாலும் இருந்தது, திரைக்குள்ளும் இருந்தது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1932இல் பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் தொகுதி கை நழுவியது, காந்தியின் அரிசன இயக்கம் தொடங்கியது. 1935 அக்டோபரில் இயோலாவில் அண்ணல் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். லாகூரில் பேச அழைத்தவர்கள் அவர் உரையைப் பார்த்து அஞ்சிக் கூட்டத்தையே ரத்து செய்ய, 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டுதான் 'அச்சூத் கன்யா' வந்தது. ஒரு பக்கம் சாதியையே ஒழிக்க வேண்டும் என்கிற குரல். மறுபக்கம் தீண்டப்படாதவர்மேல் இரக்கம் கொள்ளுங்கள் என்கிற குரல். சினிமா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது.

தமிழிலும் அதுவே நடந்தது. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது, தண்டபாணி தேசிகர் நடித்தார். இரண்டுக்கும் பின்னால் இருப்பது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய கீர்த்தனை. சிதம்பரம் போக விடாமல், வயல் வேலையைக் காட்டி நந்தனாரைத் தடுக்கிற வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. பண்ணையடிமை முறையைக் கண்முன் கண்ட பாரதி சேர்த்த பாத்திரம் அவர். அந்த அளவுக்குக் கீர்த்தனை உண்மையைத் தொட்டது. ஆனால் முடிவு மாறவில்லை. நந்தனார் தீயில் இறங்கிய பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது. பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு அமைதியாக இருந்தார்கள். கடைசியில் ஒருவன் சொன்னான்: "அப்ப அவரு உள்ள போகலக்கா. எரிஞ்சு போயிட்டாரு."

கஸ்தூரியும் அப்படித்தான் போகிறாள். ரயில்வே கேட்டில் ஆண்கள் சண்டையிட, வருகிற ரயிலை நிறுத்த ஓடி, அதிலேயே அடிபட்டுச் சாகிறாள்.

18 ஆண்டுகள் கழித்து, 1954இல், மலையாளத்தில் 'நீலக்குயில்'. உறூப் கதை, பி.பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கம். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். புலையப் பெண் நீலியை நாயர் ஆசிரியர் ஒருவர் காதலிக்கிறார், அவள் கர்ப்பமானதும் கைவிடுகிறார். சாதி கடந்து அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்கும் தபால்காரர் சங்கரன் நாயர் மனதில் நிற்கிறார். நல்ல படம்தான், இன்றும் கண் கலங்குகிறது. ஆனால் நீலி எங்கே? தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிணமாகக் கிடக்கிறாள். நீலியாக நடித்தவர் மிஸ் குமாரி, கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ரோசியை விரட்டிய அதே மொழி சினிமாவில், கால் நூற்றாண்டுக்குப் பிறகும் புலையப் பெண்ணின் வேடத்துக்குப் புலையப் பெண் தேவைப்படவில்லை.

1936இல் தண்டவாளம், 1954இல் தண்டவாளம். இந்தத் தற்செயலைப் பார்த்தபோது எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. 2013இல் தர்மபுரியில், சாதி மறுத்து மணந்த தலித் இளைஞனின் உடல் கிடந்தது தண்டவாளத்தின் ஓரம். அந்த மரணம் பற்றிய வாதம் இன்னும் தீரவில்லை. 2015இல் பள்ளிபாளையம் அருகே இன்னொரு தலித் மாணவனின் உடல் கிடந்ததும் தண்டவாளத்தில். முதலில் தற்கொலை என்றார்கள். கொலை என்று நிரூபித்துத் தண்டனை வாங்க 2022 வரை போராட வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தச் செய்திகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தண்டவாளக் காட்சி வெறும் கதை முடிவு அல்ல.

பிறகு 1959, பிமல் ராயின் 'சுஜாதா'. இங்கே நாயகி சாகவில்லை. பார்ப்பனக் குடும்பத்தில் வளரும் தீண்டப்படாத சாதிப் பெண், நூதன் நடித்தார். தன்னை மகளாக ஏற்காத வளர்ப்புத் தாய்க்கு அடிபடும்போது, சுஜாதாவின் ரத்தம் மட்டுமே பொருந்துகிறது. கொடுக்கிறாள், ஏற்கப்படுகிறாள். மனிதர் எல்லோருக்கும் ரத்தம் ஒன்றே என்று சொல்ல வந்த படம், அதற்கான அத்தாட்சியை அவளிடம் மட்டும் கேட்கிறது. உயிருக்குப் பதில் ரத்தம், அவ்வளவுதான் முன்னேற்றம்.

1981இல் தூர்தர்ஷனுக்காக சத்யஜித் ரே எடுத்த 'சத்கதி' வேறு மாதிரி. பிரேம்சந்த் கதை. மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துத் தரும்படி பார்ப்பனரிடம் போகிற துக்கி, பட்டினியோடு விறகு பிளந்தே சாகிறான். யாரும் திருந்துவதில்லை, யாரும் அழகாக அழுவதில்லை. காலில் கயிற்றைச் சுருக்கிட்டு அந்தப் பிணத்தைப் பார்ப்பனர் இழுத்துப்போய்ப் போடுகிறார். இரக்கத்தைப் பார்வையாளருக்கு லஞ்சமாகத் தராத படம். அதற்காக ரேயை மதிக்கிறோம். ஆனாலும் நம் ஆள்தான் செத்துக் கிடக்கிறான்.

இப்போது அவள் கேள்விக்கு வருவோம். ஏன் எப்போதும் நாம் சாகிறோம்? இந்தப் படங்களை எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல எங்கள் பதில். பலர் தம் சாதியாரை எதிர்த்து நின்றவர்கள். ஆனால் அவர்கள் பேசியது தம் சாதியாரிடம். மனசாட்சி உறுத்த வேண்டியவர் அரங்கில் உட்கார்ந்திருந்தார், உறுத்துவதற்குத் திரையில் ஒரு பிணம் தேவைப்பட்டது. நாம் அந்தப் படங்களின் பொருளாக இருந்தோம், பார்வையாளராக எண்ணப்படவில்லை.

இவ்வளவுக்கும் நாம் அரங்கில் இருந்தோம். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட் காசு என்றும் ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி விளக்கியிருக்கிறார். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு அது சிறிய விடுதலை அல்ல. ஆனால் கொட்டகைக்குள் நுழைய வழி கிடைத்தும், கதைக்குள் உயிரோடு நுழைய வழி கிடைக்கவில்லை.

அந்த வழி திறந்ததைப் பார்த்தது சென்ற ஞாயிறு. படம் 'ஃபன்றி', 2013, மராத்தி. இயக்கியவர் நாகராஜ் மஞ்சுளே, ஒடுக்கப்பட்ட வடார் சமூகத்திலிருந்து வந்தவர். முதல் படத்துக்கே தேசிய விருது பெற்றார். தலைப்பைப் படித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள், நம்ம பன்றிதானே என்று. ஆமாம், நம்ம பன்றிதான். கைக்காடி மொழிச் சொல், தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள மொழி அது. பன்றி பிடிக்கும் குடும்பத்துப் பையன் ஜப்யா. வகுப்பில் படிக்கும் பெண்ணுக்கு முன்னால், ஊரே கேலி செய்ய, அவன் பன்றியைத் துரத்த வேண்டியிருக்கிறது. பிடித்த பன்றியை அவர்கள் தூக்கிப்போகும் வழியில், பள்ளிச் சுவரில் அம்பேத்கரும் சாவித்திரிபாயும் ஓவியமாக நிற்கிறார்கள்.

கடைசியில் ஜப்யா கல்லை எடுக்கிறான். கேலி செய்தவர்களை நோக்கி எறிகிறான். கடைசிக் கல் நேரே கேமராவை நோக்கி, அதாவது பார்க்கிற நம்மை நோக்கி வருகிறது. திரை இருள்கிறது.

பயிலகத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. ரோசி திரையில் தோன்றியதற்காக அவர்மேல் எறியப்பட்ட கல், 80 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, திரைக்குள்ளிருந்து திரும்பி வந்ததுபோல் இருந்தது எங்களுக்கு. ஜப்யா சாகவில்லை. 2018இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமா'ளில் பரியனையும் தண்டவாளத்தில்தான் கிடத்துகிறார்கள். அவன் எழுந்துவிடுகிறான். கஸ்தூரியையும் நீலியையும் பார்த்துவிட்டு அந்தக் காட்சியைப் பார்த்தால்தான், அவன் எழுந்ததன் எடை தெரியும்.

அதனால் பழைய படங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாருங்கள், கட்டாயம் பாருங்கள். பட்டியல் சொல்கிற வரிசையில் வேண்டாம், ஆண்டு வரிசையில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஆளாக நடித்தவர் யார், இந்தக் கதை யாரிடம் பேசுகிறது, கடைசியில் உயிரோடு இருப்பவர் யார்? தாமதமாகப் பார்க்கிறோம் என்று கூச வேண்டாம். முதலில் பார்த்தவர்கள் கேட்காத கேள்விகள் இவை.

அடுத்த ஞாயிறு படம் இல்லை. வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு ரோசியின் கதையைப் பேசப் போகிறோம். அந்தப் பதினோராம் வகுப்புப் பிள்ளைதான் பேசுகிறாள்.

ஜெய் பீம்!